லெட்சுமியின் நெற்றியில் நான் அழித்த பள்ளம்

முகம் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது மறையும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கண்டியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் முப்பத்தொரு வருடம் முகங்களைத் திருத்தினேன். படித்து வந்தவளில்லை. மணப்பெண்களுக்குப் பவுடர் பூசிவிடும் ஆளாக உள்ளே போய், மற்றவர்கள் செய்வதை எட்டி எட்டிப் பார்த்தே கொம்பியூட்டர் வரைக்கும் வந்தவள். அதனால் என்னிடம் பாடம் குறைவு, ஆட்கள்தான் அதிகம். வாடிக்கையாளர்கள் சொல்லிவிட்டுப் போகிற பேச்சுகளை ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். "எம் மூக்க மட்டும் மாத்திராதக்கா, அது எங்கப்பா குடுத்தது" என்று ஒருத்தி சொன்னாள். "கல்யாணத்துக்கு மட்டும் வெள்ளையாக்கு, வீட்டுக்குப் போனா நான் பாத்துக்கிறேன்" என்று இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே எழுதி வைத்தேன். அந்தக் கொப்பியில் ஒரே ஒரு வரியை மட்டும் நான் தப்பாக விளங்கிக்கொண்டு எழுதியிருந்தேன். அந்த வரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

எனக்கு வேலை பழக்கியவர் எங்கள் முதலாளி. பெயர் வேண்டாம். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் "போடுங்க தங்கச்சி, என்னத்துக்கு ஒளிக்கிற" என்று தானே சொல்லியிருப்பார். முதல் வாரத்திலேயே அவர் எனக்குச் சட்டம் சொல்லிவிட்டார். அவர் பேச்சில் 'இருந்தா' என்பது 'ஈந்தா' என்றுதான் வரும்.

"ஆம்புளட மொகத்துல கோடு ஈந்தா அது அனுபவம் தங்கச்சி. பொம்புளட மொகத்துல ஈந்தா அது வயசு. அனுபவத்த வைங்க, வயச எடுங்க."

எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. என் மேசைக்கு மேலே ஒரு கலண்டர் தொங்கும். அதில் ஒரு சினிமா நடிகை சிரித்துக்கொண்டிருப்பார். தோல் நிறத்துக்கு அந்த முகம்தான் எனக்கு அளவுகோல். வருடம் மாறினால் கலண்டரில் நடிகை மாறுவார். நடிகை மாறினால் புசல்லாவையிலும் மடுல்கெல்லையிலும் இருந்து வருகிற பெண்களின் தாடை மாறும், புருவம் மாறும். ஒரு கல்யாண அல்பத்தைத் திறந்து மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே அது எந்த நடிகையின் காலம் என்று என்னால் சொல்ல முடியும். இதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன். பெண்கள் கேட்டார்கள், நான் செய்தேன். யாரைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்கள் என்று யோசிக்கவில்லை.

மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிற லெட்சுமி அப்படித்தான் என் மேசைக்கு வந்தார். மகள் ரேவதியின் கல்யாணம் முடிந்த மறுநாள் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ள வந்திருந்தார்கள். லெட்சுமிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கித் தாங்கி, நெற்றி முடிந்து மயிர் தொடங்குகிற இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்த இடத்தில் மயிரும் இல்லை. இரண்டு கன்னத்திலும் வெயில் வைத்த கருந்திட்டு. தேயிலைக் கிளை எப்போதோ கிழித்ததில் இடது புருவம் இரண்டு துண்டாக இருந்தது.

அன்றைக்கு நான் செய்ததைக் கேளுங்கள். பள்ளத்தை நிரப்பி, அதன் மேல் மயிரை வளர்த்தேன். கன்னத்தைக் கழுவினேன். புருவத்தை ஒட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கை தானாகப் போனது. பக்கத்தில் நின்ற புருஷனின் முகத்தில், தாடையில் ஒரு தழும்பும் நரைத்த மீசையும் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை.

படத்தை வாங்க வந்த அன்று லெட்சுமி அதைக் கையில் பிடித்து, உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது யாரு அக்கா, எனக்குத் தங்கச்சியா? எனக்குத்தான் தங்கச்சியே இல்லையே."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கொப்பியில் எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ரேவதி ஓடி வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். முதல் நாள் காலையில் அவளுடைய அம்மா இரத்த அழுத்தக் கிளினிக்குக்காகத் தனியாகக் கண்டிக்கு வந்தவர், வீடு திரும்பவில்லை. கொஞ்ச நாளாகவே ஒருமாதிரித் தடுமாற்றமாகத்தான் இருந்தாராம். அடுப்பில் உலையை வைத்துவிட்டு எதற்காக வைத்தேன் என்று கேட்பாராம். கிளினிக்கில் நம்பர் துண்டு எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"நோட்டீஸ் அடிக்கணும்க்கா. அம்மா போட்டோ வேணும்."

"போன்ல இல்லையா புள்ள?"

அவள் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். பிறந்தநாள், தீபாவளி, திருவிழா, பேரப்பிள்ளைக்குக் காது குத்தியது. எல்லாவற்றிலும் லெட்சுமி இருந்தார். ஆனால் ஒன்றில் சோறு போடுகிற கை மட்டும். ஒன்றில் பிள்ளைக்குப் பின்னால் அரை முகம். ஒன்றில் அடுப்படிப் பக்கம் திரும்பிய முதுகு. நேராகப் பார்க்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

"படம் எடுக்கிறப்ப அம்மாவக் கூப்பிட்டா, நீங்க எடுங்க, நான் கறிய எறக்கிட்டு வாரேம்பாங்க" என்றாள் ரேவதி. "எறக்கிட்டு வாரப்ப படம் முடிஞ்சிருக்கும்."

அடையாள அட்டை லெட்சுமியின் கைப்பையோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது ரேவதியின் கல்யாணத்துக்கு எங்கள் கடையில் எடுத்த குடும்பப் படம் ஒன்றுதான்.

இங்கேதான் என் பிழை. அவசரத்தில் அந்தக் குடும்பப் படத்தைத் திறந்து, லெட்சுமியின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். அது திருத்திய முகம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்தது கைக்கு வரவில்லை. மாறாக, கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் மங்கிவிடுமே என்று இன்னும் கொஞ்சம் வெளிச்சமும் ஏற்றினேன். 'காணவில்லை. லெட்சுமி, வயது 54, மஞ்சள் சேலை' என்று தமிழிலும் சிங்களத்திலும் போட்டுக் கொடுத்தேன். ரேவதியின் புருஷனும் கூட்டாளிகளும் பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒட்டினார்கள். வெளியூர் பஸ் கண்டக்டர்களிடமும் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். பேஸ்புக்கிலும் போட்டார்கள்.

புதன்கிழமை முழுவதும் ஒரு தகவலும் இல்லை. ஆனால் பேஸ்புக்கில் பேச்சு வந்தது. பின்னேரம் போனைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"இதுக்கு ஐம்பத்தி நாலா, யாருக்குக் கத விடுறீங்க?"

"இது தொலஞ்ச மொகமில்ல, கெளம்பிப் போன மொகம்."

"தேட வேணாம் அண்ணே, அவ சந்தோசமா இருப்பா."

யாரோ ஒரு ஆள் அந்தப் படத்துக்குப் பின்னால் சினிமாப் பாட்டைப் போட்டு வீடியோவாகவே செய்து விட்டிருந்தான். நிறையப் பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். பிரஷர் குளிசையைப் பையில் போட்டுக்கொண்டு போன ஒரு கொழுந்துக்காரப் பெண், இரண்டு நாளில் ஊரறிந்த ஓடுகாலி ஆகிவிட்டார். அப்போதும் நான் அவர்களைத்தான் திட்டினேன். அந்த முகத்தை அவர்களுக்குச் செய்து கொடுத்தது யார் என்று எண்ணவில்லை.

வியாழக்கிழமை காலையில் ரேவதி தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்து விரித்தார்.

"இனித் தேட வேணாம்னு தோணுதும்மா," என்றார் என்னைப் பார்த்து. "எல்லாரும் ஒரு மாதிரிக் கதைக்கிறாங்க. லயத்து வீட்டுக்காரங்க முன்னால தல காட்ட முடியல. போனவ போகட்டும்."

ரேவதி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. "பஸ்ல ஏறினா வாந்தி எடுக்கிற பொம்பளப்பா அவங்க. எங்க ஓடுவாங்க, யாரோட ஓடுவாங்க? எங்கயாவது விழுந்து கெடந்தா?"

அவர் நோட்டீஸையே பார்த்தார். "இதப் பாத்தா எனக்கே ஒண்ணும் வெளங்கல புள்ள."

தேடுகிற குடும்பமே தேடுவதை நிறுத்தப் போகிறது. அதுவும் என் படத்தைப் பார்த்து. பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன்: "அண்ணே, நோட்டீஸ்ல அடையாளம் ஒண்ணும் போடல. அவங்க மொகத்துல ஏதாவது அடையாளம் சொல்லுங்க, திருப்பி அடிப்போம்."

அவர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். "மூக்குத்தி போட்டிருப்பா," என்றார். "மத்தபடி பொம்பளைங்க இருக்கிற மாதிரிதான் இருப்பா."

முப்பது வருடம் அந்தக் கையால் சாப்பிட்டவர். நான் ரேவதியைப் பார்த்தேன்.

அவள் தன் நெற்றியில் விரலை வைத்தாள். "இங்க கூடைக் கயித்துப் பள்ளம். தலைக்கு எண்ண வச்சிவிடுறப்ப என் வெரல் அங்கதான் போயி நிக்கும். கன்னம் ரெண்டுலயும் கறுப்பு. இந்தப் புருவம் நடுவுல அறுந்திருக்கும்."

நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் சொன்ன மூன்றும் ஒரு காலத்தில் அந்தப் படத்தில் இருந்தன. மூன்றையும் நான்தான் எடுத்தேன். ஒரு மனுஷியைக் கண்டுபிடிக்க ஊருக்குத் தேவையான மூன்று அடையாளத்தையும், இந்தக் கலண்டருக்குக் கீழே உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே அழித்திருக்கிறேன். குடும்பப் படத்தை மறுபடி திறந்தேன். பக்கத்தில் புருஷன் தாடைத் தழும்போடும் நரை மீசையோடும் அப்படியே நின்றார். அவர் காணாமல் போயிருந்தால் அன்றைக்கே யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

மூலப் படத்தைத் தேடினேன். இல்லை. அல்பம் கொடுத்து முடிந்ததும் திருத்தாத படங்களை அழித்துவிடுவது எங்கள் கடை வழக்கம். அதையும் நான்தான் அழித்திருந்தேன்.

ரேவதியிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "புள்ள, அந்த மூணையும் நான்தான் எடுத்துட்டேன். இப்பத் திருப்பி வைக்கணும். பக்கத்துல உக்காந்து சொல்லு."

பிள்ளைகளே, அத்தனை வருடம் எடுத்தே பழகிய கை அது. வைக்கத் தெரியவில்லை. கருந்திட்டு வைத்தால் கரி அப்பியது போல் வந்தது. பள்ளம் வைத்தால் காயம் போல் வந்தது. "இன்னும் மேலக்கா." "அவ்வளவு ஆழமில்ல." "கண்ணுக்குக் கீழ இப்படிப் பளபளப்பா இருக்காது, தூக்கமில்லாத ஆளு." அவள் சொன்னாள், நான் செய்தேன். ஒவ்வொரு கோட்டை வைக்கும்போதும் அது எந்த வேலையில் வந்த கோடு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நேரம் முதலாளி உள்ளே வந்தார். திரையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி இது? ஒரு பொம்புளட மொகத்த இப்படிக் கறுப்பாக்கி ஊரெல்லாம் ஒட்டவா போறீங்க? நாளைக்கு நம்மட கடைக்கு ஆரு வருவா?"

தகப்பனும் எழுந்தார். "ஆமாம்மா. அசிங்கப்படுத்திப் போடாதீங்க. மானம்னு ஒண்ணு இருக்கு."

இரண்டு ஆண்கள், இரண்டு பேரும் எனக்கு மரியாதைக்குரியவர்கள், வேண்டாம் என்கிறார்கள். நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. வெளியே மூன்று நாள் மழை. அதுவரைக்கும் நான் முதலாளியை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "முதலாளி, அழகா இருக்கிறவங்கள நாம ரெண்டு நாளாத் தேடிப் பாத்துட்டோம். அப்படி ஒரு ஆளே இல்ல. இப்ப இருக்கிறவங்களத் தேடுவோம்."

நான் புருவத்தை வெட்டினேன். அதுதான் கடைசி.

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா," என்றாள். அவ்வளவுதான்.

தகப்பன் கிட்டே வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். "ஆமா, இவதான்," என்றார். பிறகு மகளிடம் மெதுவாகக் கேட்டார்: "இந்தப் புருவம் எப்ப அறுந்தது?"

"நான் பொறக்கிறதுக்கு முந்திப்பா."

அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் என் பின்னால் வந்து நின்றார். "அடிங்க தங்கச்சி," என்றார். "அடியில நம்மட கடப் பேரையும் போடுங்க." நான் திரும்பிப் பார்த்தேன். "போடுங்க. நம்ம எடுத்த படம்தானே."

மத்தியானத்துக்குள் நோட்டீஸ் போய்விட்டது. வட்ஸ்அப்பிலும் போனது. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, கடைப் போனுக்குக் கலகெதரவிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"நீங்க தேடுற ஆள் எங்கட வீட்டுல ஈக்கிறாங்க. பயப்பட வாணாம். சொகமா ஈக்கிறாங்க."

வேன் பிடித்துப் போனோம். ரோட்டோரத்தில் ஒரு பலசரக்குக் கடை, பின்னால் வீடு. பேசிய பெண் கடைக்காரரின் மனைவி, என் வயதிருக்கும். நடந்ததை அவர்தான் சொன்னார். திங்கட்கிழமை மத்தியானம் மழையில் இவர்களுடைய கடை வாசலில் கையில் பைகூட இல்லாமல் லெட்சுமி வந்து நின்றிருக்கிறார். கிளினிக்கிலிருந்து வெளியே வந்து, மாறி வேறு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பெயர் கேட்டதற்கு 'சின்னப்பொண்ணு' என்று சொல்லியிருக்கிறார். அது அவரைத் தாய்வீட்டில் கூப்பிட்ட பெயர். ஊர் கேட்டதற்குப் புசல்லாவைத் தோட்டம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அது அவர் பிறந்த தோட்டம். அங்கே இப்போது அவருக்கு யாரும் இல்லை. இவர்கள் மூன்று நாளும் புசல்லாவைக்கே போன் போட்டுத் தேடியிருக்கிறார்கள். இரத்தத்தில் உப்புக் குறைந்ததால் நினைவு தடுமாறியது என்று பின்னால் டொக்டர் சொன்னார். மருந்தோடு தெளிந்துவிட்டது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

"எங்கட நோட்டீஸ் இங்க வரலையா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் கடைச் சுவரைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை நான் அடித்த நோட்டீஸ் அங்கே ஒட்டியிருந்தது. கண்டக்டர் ஒருவர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"ரெண்டு நாளா அது இங்கதான் ஈக்கி தாத்தா," என்றார். அவர்கள் பேச்சில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். "அதுக்கு முன்னுக்குக் கதிரையப் போட்டுத்தான் இவங்களும் நானும் தேத்தண்ணி குடிச்ச. பேர் வேற, உடுப்பும் நனஞ்சி நான் மாத்திக் குடுத்திருந்தேன். எனக்கு வெளங்கல." கொஞ்சம் தயங்கினார். "அதப் பாத்து இவங்க என்ன சென்னாங்க தெரியுமா? 'பாவம், சின்ன வயசுக்காரி, யாரு வீட்டுப் புள்ளையோ, தேடுறாங்க' எண்டு. அந்தப் புள்ள கெடைக்கோணும் எண்டு என்னையும் அல்லாஹ்ட்ட துஆக் கேட்கச் சென்னாங்க."

தன்னைத் தேடுகிற நோட்டீஸுக்கு முன்னால் உட்கார்ந்து, அதில் இருப்பவளுக்காக அவர் இரக்கப்பட்டிருக்கிறார். என் வாழ்நாளில் நான் செய்த மிகத் துப்புரவான வேலை அந்தப் படம். அவ்வளவு துப்புரவு.

"பொறகு இண்டைக்குத்தான் போன்ல மத்தப் படம் வந்த," என்றார் அந்தப் பெண். "அந்தப் பள்ளத்தக் கண்ட உடனே எனக்குத் தெரிஞ்சிட்டு. காலையிலதானே நான் இவங்களுக்குத் தல வாரி உட்டது."

உள்ளே லெட்சுமி பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ரேவதி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவர் மகளின் தலையைத் தடவினார், ஆனால் யாரென்று பிடிபடாத பார்வை. ரேவதி கையில் இருந்த புது நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். விரலை நனைத்துத் துடைப்பது போல அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தார்.

"இந்தப் பொம்பளய எனக்குத் தெரியும்," என்றார். "கொழுந்துக்குப் போறவ."

வரும் வழி முழுக்க வேனில் அவருடைய புருஷன் முன் ஆசனத்திலிருந்து திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் கலண்டரைக் கழற்றினேன். அதோடு எல்லாம் மாறிவிட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். பெண்கள் பழையபடியே வந்து பழையதையே கேட்டார்கள். நானும் கேட்டதைச் செய்தேன். ஆனால் கேட்காததைத் தொடவில்லை. திருத்தாத படத்தை அழிக்கவும் இல்லை. உங்கள் காலத்தில் இது இன்னும் கஷ்டம். நீங்கள் தொடுவதற்கு முன்பே போன் தொட்டுவிடுகிறது. எடுத்த நிமிடத்திலேயே தோலைக் கழுவிவிட்டுத்தான் உங்களிடம் தருகிறது. அதனால் சொல்கிறேன், வந்திருக்கிற ஆளை முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு திரையைப் பாருங்கள்.

கொப்பியில் இருந்த 'எனக்குத்தான் தங்கச்சியே இல்லையே' என்ற வரியை நான் அடித்துவிடவில்லை. அதற்குக் கீழே அவரே பிறகு சொன்ன இன்னொன்றை எழுதினேன். அடுத்த வருடம் புது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க லெட்சுமி வந்தார். பழையது பையோடு தொலைந்துவிட்டதல்லவா. நன்றாகத் தெளிந்திருந்தார். கடைக்குள் வரும்போதே "எங்க அந்தத் தங்கச்சி?" என்று கிண்டல். அடையாள அட்டைப் படத்தில் ஒன்றையும் தொடக் கூடாது. அதனால் வீட்டில் வைக்க இன்னொரு படமும் எடுத்து, திரையைத் திருப்பிக் காட்டி, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண்ணிடம் கேட்டேன்: "இதுல எத எடுக்கட்டும், லெட்சுமி?"

அவர் கிட்டே குனிந்து பார்த்தார். பள்ளத்தை, கன்னத்தை, அறுந்த புருவத்தை.

"ஒண்ணயும் எடுக்காதக்கா," என்றார். "திரும்பத் தொலஞ்சா தேடணுமில்ல."